கதவுக்கான விதி

கதவு மூடியபோது அவள் துப்பட்டாவின் நுனி அதில் மாட்டிக்கொண்டது.

மடிக்கணினியைப் பார்த்தாள். பச்சை.

காலையிலிருந்தே பச்சைதான். ஆள் ஏற்றாத மெட்ரோ ரயில், சோதனை ஓட்டம். ரயிலின் தகவல் கம்பிகளில் ஓடும் செய்திகளை மடிக்கணினி ஒட்டுக்கேட்டுக்கொண்டே வரும். எங்காவது விதி மீறப்பட்டால் சிவப்பு காட்டும்.

கதவுக்கான விதியை எழுதியவள் அவள்தான். ஏதோ சிக்கியிருக்கிறது என்று கதவு செய்தி அனுப்பினால், அது உடனே திறக்க வேண்டும். திறக்காவிட்டால் சிவப்பு.

துப்பட்டாவை இழுத்தாள். வந்துவிட்டது.

"துணிதானேம்மா. அதெல்லாம் கணக்குல வராது," என்றார் தணிகாசலம். சோதனைக் குழுவின் தலைவர். கடைசி நிலையம் வந்ததும் எல்லாம் சரி என்று அவளிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் அவருக்கு. திங்கட்கிழமை ஜனங்கள் ஏறுகிறார்கள்.

அவள் மகளும் ஏறுகிறாள். வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு.

துணி கணக்கில் வராது. சரி. எது வரும்?

வந்த செய்திகளையெல்லாம் தேடினாள். சிக்கியது என்று கதவு ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. காலி வண்டியில் யார் சிக்குவார்கள்? அவள் விதிக்கு இத்தனை நாளும் வேலையே வரவில்லை. சும்மா இருந்ததற்குத்தான் இத்தனை பச்சை.



"சார், எதையாவது நடுவுல வச்சுப் பாக்கலாமா?"

"நம்ம வேலை வேடிக்கை பாக்குறது மட்டும்தாம்மா. எதையும் தொடக்கூடாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நிலையம். கதவு திறந்தது. நடைமேடையில் யாருமில்லை.

சாப்பாட்டுப் பையை வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பை பெரிது. பெரியதைக் கதவு எப்படியும் கண்டுபிடித்துவிடும்.

மகளின் கை மெலிந்த கை.

மடிக்கணினியை இருக்கையில் வைத்தாள். வலது கை வளையல்களைக் கழற்றினாள்.

பயமாகத்தான் இருந்தது. கையைக் கதவுக்கு வெளியே நீட்டினாள்.

மணி அடித்தது. கதவின் ரப்பர் விளிம்புகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து மணிக்கட்டைத் தொட்டன. இறுகின.

திறக்கவில்லை.

இழுத்தாள். வரவில்லை.

திரும்பித் திரையைப் பார்த்தாள். பச்சை.

கதவுக்குக் கை இருப்பதே தெரியவில்லை. தெரியாததால் செய்தி இல்லை. செய்தி இல்லாததால் விதி மீறப்படவில்லை. அவள் எழுதியபடியே எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. வெளியே விரல்களில் காற்று பட்டது. நடைமேடை முடிகிற இடத்தில் சுரங்கத்தின் சுவர் தெரிந்தது.

"சார்! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க! கை மாட்டிக்கிச்சு!"

தணிகாசலம் எழுந்து ஓடிவந்தார். ஓட்டுநரோடு பேசும் வாக்கிடாக்கி அவர் கையிலேயே இருந்தது.

முதலில் திரையைத்தான் பார்த்தார்.