தந்தையின் கையொப்பம்

"நேத்து சாயங்காலம் வாங்கிட்டுப் போன ஃபாரம். அதுக்குள்ள பார்டருக்குப் போயி, கையெழுத்து வாங்கிட்டுத் திரும்பி வந்துடுச்சாம்மா?"

பள்ளிக் குமாஸ்தா அரியமுத்து கேட்டதும் சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

போன டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் பதான்கோட்டிலிருந்த ராணுவக் குடும்பங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கணவன் எல்லைக்குப் போய்விட, மகள் அம்சவள்ளியோடு குரும்பலூரில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், இப்போது மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தாள்.

அரியமுத்து ஃபாரத்தைத் தலைமையாசிரியர் பழனிவேலிடம் நீட்டினார்.

"கள்ளக் கையெழுத்து சார். தகப்பனார் உயிரோட இருந்தா அவருதான் போடணும். இல்லைன்னாத்தான் தாயார் போடலாம்."

பழனிவேல் சிறுமியைப் பார்த்தார்.

"பாப்பா, ஆறாம் வகுப்பு கடைசி ரூம். போயி பாத்துட்டு வா."

அவள் போனதும் சிந்தாமணி பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். ராணுவத்திலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதம். பழனிவேல் மெதுவாகத் தமிழில் படித்தார்.

"உங்கள் கணவர் நாயக் செல்லமுத்து... டிசம்பர் ஆறாம் தேதியிலிருந்து காணவில்லை."



"புள்ளைக்கு இன்னும் சொல்லலைங்க" என்றாள் சிந்தாமணி. "தகப்பனார் இல்லைன்னு எழுதிட்டு நானே போட்டிருக்கலாம். அப்படி எழுத கை வரலைங்க. அதான் அவரு பேரைப் போட்டுட்டேன். தப்புதாங்க."

பழனிவேல் நல்ல மனிதர்.

"புரியுதும்மா. ஆனா தெரிஞ்சே இதை நான் எப்படி வாங்கிக்கிறது? திருச்சி கல்வி ஆபீசுக்கு எழுதிக் கேக்குறேன். பதில் வர ரெண்டு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள பரீட்சை வந்துடுங்களே."

"ரூல் அப்படிம்மா. நான் என்ன பண்றது?"

சிந்தாமணி ஃபாரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அம்சவள்ளி ஓடி வந்தாள்.

"அம்மா, மூணாவது பெஞ்சுல இடம் இருக்கும்மா."

சிந்தாமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஃபாரத்தை இப்படிக் குடுங்க" என்றார் அரியமுத்து.

அவள் பயந்துகொண்டே கொடுத்தாள். அரியமுத்து உட்கார்ந்து, கையெழுத்துக்குக் கீழே ஏதோ எழுதினார். பள்ளி முத்திரையைக் குத்தித் தலைமையாசிரியர் முன்னால் வைத்தார்.

"இப்ப நீங்க வாங்கிக்கலாம் சார். யாராச்சும் கேட்டா, என்னைக் கேக்கட்டும்."

பழனிவேல் குனிந்து படித்தார்.

'மாணவியின் தந்தை இன்று காலை நேரில் வந்து, என் முன்னிலையில் கையொப்பமிட்டார். இப்படிக்கு, அரியமுத்து.'