இடிக்காத பாட்டு

"ஓட்டை பாக்ஸை வெச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துறாரு நம்ம சாதிக் சவுண்ட் சர்வீஸ் ஓனர். நம்பி கூப்பிட்டுராதீங்க மக்களே, ஷேர் பண்ணுங்க!"

கபடித் திடலில் அடுக்கியிருந்த பாக்ஸ்களைப் படம்பிடித்து அங்கேயே ரீல் போட்டுவிட்டான் அஷ்வின். முகம் காட்டவில்லை, குரல் மட்டும்தான்.

கோபம் வராதா பின்னே?

நெடுங்காடு டீம் களத்தில் இறங்கும்போது போட என்று அவன் பண்ணிய பாட்டு. பதினேழு நாள் வேலை. அதில் பதினாலு நாள் பேஸ்லைனுக்கே போனது. பேஸ்லைன் என்றால், பாட்டில் காதைவிட நெஞ்சில் அதிகமாகக் கேட்குமே, அந்த இடி. லேப்டாப்பில் சாஃப்ட்வேர் சிந்தசைசரை வைத்துத் திருகித் திருகி, எருமை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் பிடித்திருந்தான். டிரம் விழும்போது அது ஒதுங்கி வழிவிடும். அடுத்த நொடி திரும்ப வந்து மோதும்.

காலையில் பென் டிரைவைக் கொடுக்கும்போதே ஜெகபர் சாதிக்கிடம் சொல்லியிருந்தான்.

"அண்ணே, எங்கப்பா முன்வரிசையில உட்கார்ந்திருக்காரு. ப்ளஸ் டூவைப் பாதியில நிறுத்துனதுக்கு இதுதான் கடைசி சான்ஸுன்னுட்டாரு. இன்னிக்கு இடிக்கலைன்னா, நாளைக்கு லேப்டாப் பரண்ல, நான் கீழவாஞ்சூர்ல லாரி எடை மேடையில."

"இடிச்சுருவோம் தம்பி. நீ போய் உட்காரு" என்றார் சாதிக். மைக்கைப் பிடித்து, "நம்ம தம்பி அஷ்வின் பண்ணின பாட்டு!" என்று இரண்டு தடவை அறிவித்தார்.

அன்றைக்கு முதல் பாட்டே அதுதான். கூட்டம் எழுந்து நின்றது. இடிக்க வேண்டிய இடமும் வந்தது.

டிக்... டிக்... சட். டிக்... டிக்... சட்.

அவ்வளவுதான்.

"என்னடா இது, கடிகார ரிப்பேர் கடையா?" என்றான் ஒருத்தன்.

"இன்னும் மூணு விசில் வந்தா குக்கரை எறக்கிரலாம்" என்றான் இன்னொருத்தன்.

திடலே சிரித்தது. அப்பா தெட்சிணாமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் சாதிக் பாக்ஸுக்குப் பின்னால் போய் எதையோ பார்த்துவிட்டு வந்து மைக்கில் சொன்னார்.

"எல்லாரும் மன்னிக்கணும். நம்ம பேஸ் பாக்ஸ் ரெண்டும் மக்கர் பண்ணுது. தம்பி பாட்டு மேல ஒரு தப்பும் இல்ல."

சிரிப்பு அப்படியே அவர் பக்கம் திரும்பியது. அதற்கப்புறம் சாயங்காலம் வரை எந்தப் பாட்டும் இடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது அப்பா பைக்கை ஓரம்கட்டினார்.

"மெஷின் சரியில்லைன்னா நீ என்னடா பண்ணுவே? சரி, இன்னும் ஒரு வருசம் பாரு."

அஷ்வின் பிழைத்தான். ரீலை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

'நல்லவேளை சொன்னே ப்ரோ. கருக்களாச்சேரியில எங்க அக்கா கல்யாணத்துக்கு இவருதான் சவுண்டு. கேன்சல் பண்ணிட்டோம்' என்று ஒருத்தன் கமெண்ட் போட்டிருந்தான். அஷ்வின் அதற்கு ஹார்ட் போட்டான்.

நாலாம் நாள் கபடி டீம் கேப்டன் சிலம்பரசன் பாட்டை அனுப்பச் சொன்னான். அனுப்பலாம் என்று லேப்டாப்பைத் திறந்தவனுக்குக் கை நின்றுவிட்டது.

பேஸும் பெரிய டிரம்மும் போகிற சேனலில் மியூட் பட்டன் எரிந்துகொண்டிருந்தது.

மேட்ச்சுக்கு முந்தின நாள் அம்மா கல்யாணசுந்தரிக்குத் தலைவலி. "அந்த இடியை மட்டும் நிறுத்துடா, மண்டை பொளக்குது" என்றாள். நிறுத்திவிட்டு, கைதட்டல் சத்தத்தை மட்டும் சரிசெய்தான். அப்படியே பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டான். போனில் ஒரு தடவை போட்டும் பார்த்தான். போன் ஸ்பீக்கரில் பேஸ் என்றைக்குக் கேட்டிருக்கிறது? சந்தேகமே வரவில்லை.

ரீலை அழித்தான். அதை அதற்குள் ஊரே ஸ்டேட்டஸ் வைத்து முடித்திருந்தது.

மனசு லேசில் விடுமா? 'மத்த பாட்டும்தான் இடிக்கலையே. அப்போ அவர் பாக்ஸும் கோளாறுதான். பாதித் தப்பு அவருது' என்றது.

அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் சாதிக்கின் கடைக்குப் போனான். அவர் இல்லை. அவர் மனைவி கைருன்னிஸா இருந்தார்.

"வாங்க தம்பி. எதுவும் விசேஷமா?"

"ஆமாக்கா... அந்த பேஸ் பாக்ஸ் ரிப்பேர் பாத்தாச்சா?"

"நீங்களும் ரீலைப் பாத்தீங்களாக்கும்!"

கைருன்னிஸா எட்டி ஒரு பட்டனைத் தட்டினார். அலமாரியில் இருந்த ஸ்க்ரூ டப்பாக்கள் எல்லாம் குதித்தன. அஷ்வினின் நெஞ்சில் யாரோ குத்துவது போல் இருந்தது.

"இதுக்கா தம்பி ரிப்பேர்?"

"அப்போ அன்னிக்கு..."

"யாரோ ஒரு புள்ள பாட்டுல பேஸே இல்லாம கொண்டாந்து குடுத்துருக்கு. இவங்க என்னா பண்ணிருக்காங்க, பாக்ஸ் ஒயரைப் புடுங்கி வெச்சுட்டு மேட்ச் முடியற வரைக்கும் மாட்டவே இல்லையாம். 'அடுத்த பாட்டு இடிச்சுதுன்னா அந்தப் புள்ள அதோட வாப்பா முன்னாடி தலைகுனிஞ்சுரும்'ங்கிறாங்க."

அஷ்வின் குதித்து நகர்ந்த ஒரு ஸ்க்ரூ டப்பாவை உள்ளே தள்ளி வைத்தான்.

"அது... யாருன்னு சொன்னாராக்கா?"

"கல்யாண ஆர்டர் போன ஆத்திரத்துல நானும் ரெண்டு நாளா விடாம கேக்குறேன். பேரு மறந்துபோச்சுங்கிறாங்க தம்பி."