முப்பத்திரண்டு வீடு, ஒற்றை நட்சத்திரம்

"தெரு பேரையே கெடுத்துட்டியேம்மா!" என்று துப்புரவு மேஸ்திரி போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் துடைப்பத்தைத் தள்ளுவண்டியில் சாய்த்துவிட்டுப் பார்த்தாள். முப்பத்திரண்டு வீடு. அத்தனையிலும் ஒரே ஒரு நட்சத்திரம்.

தெரு எவ்வளவு சுத்தம் என்று வாராவாரம் அங்கே குடியிருக்கிறவர்களே போனில் நட்சத்திரம் போடும் ஏற்பாடு வந்து ஆறு மாதமாகிறது. இந்தத் தெருவுக்கு ஐந்துக்குக் குறைந்ததே இல்லை.

"எல்லாருமா சார்?"

"ஒரு வீடு பாக்கியில்ல. தெருச் சங்கத்துச் செயலாளரா இருக்கிற அந்தத் தையல்காரம்மாவும்தான். நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா."

அவளோடு கூடப் பெருக்கிக்கொண்டிருந்தவளை இரண்டு மாதம் முன்பு வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக இழுக்கிறாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அப்படியும் ஒரு காகிதம் கிடக்க விட்டதில்லை.

நேரே தையல்காரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, நான் என்ன குறை வெச்சேன்? போன வாரம்தானே இடுப்புக்குத் தைலம் குடுத்தீங்க?"

தையல்காரி மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை. "தெருவே கூடிப் பேசி எடுத்த முடிவு. போட்டது போட்டதுதான். நீ கிளம்பு."

தைலம் கொடுத்த கையே குழியும் பறித்துவிட்டதே என்று அவளுக்கு ஆறவில்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

மறுநாள் ஆபீசில் அதிகாரி கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தத் தெருவுல நீ மட்டும்தானா?"

"ஆமா சார். வேணும்னே குறை வெக்கல சார். என்னை நிறுத்திடாதீங்க."

"உன்னை யார் நிறுத்தறா? ரெண்டு நட்சத்திரத்துக்குக் கீழ போனா இன்னொரு ஆள் போடணும்னு விதி. பழைய ஆளே திங்கட்கிழமை வந்துடுவா. போ."

திங்கட்கிழமை இரண்டு துடைப்பங்களின் சத்தம் கேட்டுத் தையல்காரி வாசலுக்கு வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. ரெண்டு நாளா செத்துப் பொழைச்சேன்" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது.

"சொல்லியிருந்தா ஆபீசுல உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்டி. சுத்தமான தெருவுக்கு எதுக்கு ரெண்டு ஆளுன்னுதான் உன் கூட்டாளியை இங்கேயிருந்து தூக்கியிருக்காங்க. அது எங்களுக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது. உன் இடுப்பை ஒடிச்சது, நாங்க ஆசை ஆசையா போட்ட அஞ்சு நட்சத்திரம்தான்!"