கை தவறிய குழாய்

காலை ஆறு நாற்பது. ஆஸ்பத்திரி லேப் பெண்ணுக்கு அன்றைக்கு அது பன்னிரண்டாவது ஊசி. கையை நீட்டவேண்டியவர், டிப்போவே 'ஹாரன்' என்று கூப்பிடும் பஸ் டிரைவர்.

மாரடைப்பு வந்து ஐந்தாம் நாள். வலி இல்லை. இன்று வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மனைவி பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள்.

"நேத்து சாயங்காலம்தானே ரத்தம் எடுத்துட்டுப் போனே? மறுபடியும் எதுக்கு?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. "குழாய் கை தவறி விழுந்து உடைஞ்சிடுச்சு அண்ணே."

"உடைஞ்சிடுச்சா? நான் ஒரு நாள் கை தவறினா அறுபது பேர் காலி, தெரியுமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது.

"கத்தாதீங்க," என்றாள் மனைவி. "இப்பத்தான் நெஞ்சைச் சரிபண்ணிக் குடுத்திருக்காங்க."

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணுக்குத் திட்டு விழுந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணே," என்று சொல்லி, ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார்.

"இன்னிக்கு வீடு கிடையாது. மாரடைப்பு வந்தா ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு ஏறும். அப்புறம் இறங்கணும். உங்களுக்கு ஏறிக்கிட்டே போகுது. உள்ளே அழற்சி அடங்கலை. இப்படி இருக்கிறவங்களுக்கு மறுபடி ஆபத்து வர வாய்ப்பு அதிகம்."

"எனக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர்!"

"உங்க ரத்தம் அப்படிச் சொல்லலையே."

அதற்கு மூன்றாம் நாள் அவருக்கு மூச்சுத் திணறியது. டாக்டர், ஆக்சிஜன், மருந்து எல்லாம் பத்தடி தூரத்தில் இருந்தன. பிழைத்தார்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போயிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். நல்லவேளை, அந்தக் குழாய் உடைஞ்சது. இல்லைன்னா யாரு மறுபடி எடுத்திருப்பாங்க?"

டாக்டர் சிரித்தார்.

"எங்கே உடைஞ்சது? அதுலதான் அளவு எகிறியிருந்துது. புதுசா ரத்தம் எடுத்து உறுதி பண்ணாம வெளியே சொல்லக் கூடாது. 'சந்தேகமா இருக்கு'ன்னு சொன்னா நீங்க பயந்துடுவீங்க, நெஞ்சு தாங்காதுன்னு அந்தப் பொண்ணு பழியைத் தன் தலையில போட்டுக்கிச்சு."

ஹாரன் லேப் வாசலுக்குப் போய் நின்றார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"தங்கச்சி..." என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த குழாயை எடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து, நவம்பர் பதினொன்றாம் தேதி, டிப்போவின் காலை ஐந்தரை மணி பஸ்ஸை எடுத்தவர் அவர்தான்.