மூன்றாவது கழுகு

துடுப்புப் போட்டுப் போட்டுக் கிளமெண்டுக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், மழை கரையை மறைத்திருந்தது. அப்போதுதான் டிங்கிப் படகுக்கு முன்னால் தாழப் பறந்து வந்தது ஒரு கடல் கழுகு.

"அது பின்னாலயே விடு மச்சான். பஹுத் ஹுஷியார், ரொம்பக் கெட்டி அது, உன் இன்ஜின விட நம்பலாம்," என்றான் கூட வந்த தங்கை புருசன் டெர்வின். "கரை சேத்துச்சுன்னா நம்ம வழக்கப்படி பெரிய மீனு அதுக்குத்தான்."

படகு பிந்தும்போதெல்லாம் அது வட்டமடித்துக் காத்திருந்தது. அத்தனை காற்றிலும் இறக்கை ஆடவில்லை. என்ன பறவை! பாறைகளுக்கு நடுவே வழிகாட்டி மணலில் கொண்டுவந்து சேர்த்தது.

கரையில் அழுதபடி நின்ற மனைவி ஜாக்குலினிடம், "கழுகுதான் கூட்டியாந்துச்சு," என்றான் கிளமெண்ட்.

"எந்தக் கழுகு? ரெண்டும் காலையிலேர்ந்து கூட்ட விட்டு அசையலையே!"

கரையோர மரத்துக் கூட்டில் இரண்டும் இருந்தன. அந்தக் கரைக்கு எப்போதும் ஒரே ஜோடிதான். வேறொன்று வந்தால் கொத்தி விரட்டிவிடும். இன்று மூன்றாவது கழுகு தலைக்கு மேலே வட்டமிட, இரண்டும் சத்தமில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கிளமெண்ட் இருந்ததிலேயே பெரிய சூரை மீனை மணலில் வைத்தான். அது இறங்கவில்லை. மழைக்குள் கடலைப் பார்த்தே திரும்பிப் போனது.

அதற்கு அவன் இன்னும் ஒரு மீன் பாக்கி.