சாட்சிக் கட்டம்

“நான் தொடவே இல்ல மேடம், சத்தியமா” என்றாள் அணில்.

மூங்கில் சாரத்தில் ஓடி ஓடி ஏறுவதால் அவளுக்கு அந்தப் பெயர். பழைய சுவரோவியங்களைச் சுத்தம் செய்யும் பயிற்சியில் இருக்கிறாள். ஓவியம் முழுவதையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தாலும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டத்தை மட்டும் அழுக்காகவே விட வேண்டும். சுவர் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதைத் துடைத்தவர்களுக்குப் பயிற்சியில் இடமில்லை.

அணில் விட்டுவைத்த கட்டத்தின் ஓரம் இன்று காலையில் பளிச்சென்று இருந்தது.

“அப்போ சுவர் தானே குளிச்சுக்கிச்சா?” என்றார் பயிற்சி கொடுக்கும் மேடம். “இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா மூட்டையக் கட்டிக்கோ.”

“நீங்களே வந்து உக்காந்து பாருங்க.”

மேடம் டீயோடு சாரத்தில் ஏறி உட்கார்ந்தார். மதிய வெயில் சுவரில் சாய்ந்தபோது அழுக்கு விலகத் தொடங்கியது, பனி படிந்த கண்ணாடியை உள்ளேயிருந்து யாரோ துடைப்பது போல. முதலில் ஒரு விரல் தெரிந்தது. பிறகு நீல வண்ணத்தில் வரைந்த ஒரு பெண்ணின் முகம். அவள் கையில் பஞ்சுக்குச்சி இருந்தது.

மேடம் டீயைக் கீழே வைத்தார்.

“நீ எங்கயும் போக வேணாம்டி” என்றார் மெதுவாக.

ஓவியத்துப் பெண் பொறுமையாகத் துடைத்து முடித்தாள். நகம் அளவுக்கு ஒரு கட்டத்தை மட்டும், அணிலின் முகத்துக்கு நேராக, அழுக்காகவே விட்டுவைத்தாள்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்தால் நாமெல்லாம் எந்தக் காலத்து ஓவியம்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?