கோடு விழுந்த பாதி

டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து வகுப்பு மாற்றி வகுப்பு. இனி வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும்.

எதிரே நர்ஸ் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அவளுக்கு வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு. தேறிவிட்டால் அடுத்த மாதமே விமானம். அப்புறம் கைக்குழந்தை இங்கேயே, மாமியாரிடம்.

பாடம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு பாதி. தனியாக நின்றாலும் பொருள் தருவது முதன்மை வாக்கியம். மற்றது 'வென்', 'பிகாஸ்' என்று எதையாவது பிடித்துக்கொண்டு அதில் தொங்குவது. முதன்மைக்கு மட்டும் கோடு போட வேண்டும்.

மாதிரித் தேர்வின் இருபது வாக்கியங்களுக்கும் நர்ஸ் விறுவிறுவென்று கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். ஓர் இடத்தில்கூடப் பேனா தயங்கவில்லை.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் வாக்கியம் தப்பு. அடுத்ததும் தப்பு. இத்தனை நாள் கரடியாய்க் கத்தியதற்கு இதுதானா பலன் என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

வாசலில் நர்ஸின் கணவனுடைய தோளில் குழந்தை வீறிட்டது. நர்ஸ் நிமிரவில்லை. புடவைத் தலைப்பை மட்டும் இழுத்து, நனைந்துகொண்டிருந்த ரவிக்கையை மூடிக்கொண்டாள்.

டீச்சர் கடைசி வாக்கியத்துக்கு வந்தாள். பேனா நின்றது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். அலுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

கணவன் எட்டிப் பார்த்தான்.

"தேறிடுவாளா டீச்சர்? டிக்கெட்டுக்கெல்லாம் சொல்லி வெச்சாச்சு."

டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். நீ சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி என்கிற பார்வை. டீச்சர் அதையும் வாங்கிக்கொண்டாள்.

குழந்தையை மனைவியின் கையில் திணித்துவிட்டு அவன் வண்டியை எடுக்கப் போனான். மடிக்கு வந்ததும் அழுகை சட்டென்று அடங்கியது.

டீச்சர் விடைத்தாளை நான்காக மடித்து நர்ஸின் கையில் வைத்தாள். மிச்சமிருந்த கொஞ்சம் குரலையும் திரட்டிக்கொண்டாள்.

"ஒன்னுமே தெரியாதவங்களுக்கு இருபதும் தப்பாகாது, சிஸ்டர். நாளைக்கு யாருக்கும் சந்தேகம் வராம, பாதியாவது சரியாப் போடுங்க."